நண்பருக்கென ஒரு படம்

"உமக்கு மிகவும் பிடித்த படம் எது?" என்று யாரேனும் வழியிற் கண்டு கேட்டால், விடை சொல்ல நமக்கு அதிக நேரம் ஆகாது. ஒரு நடிகரையோ ஒரு பாட்டையோ நினைத்துக்கொண்டு, வாய்க்கு வந்த படத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நடந்துவிடலாம். ஆனால், "அந்தப் படத்தை வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் காட்டும், நாங்கள் ஐந்தாறு பேரும் உம்மோடு இருந்து பார்க்கிறோம்" என்று நண்பர்கள் கூறிவிட்டால் நிலைமை வேறாகிவிடுகிறது. இதைச் சொன்னால் நம்மைப் பழைய பஞ்சாங்கம் என்பார்களோ? அதைச் சொன்னால் மேதாவித்தனம் காட்டுகிறான் என்பார்களோ? பாதியில் எழுந்து போய்விடுவார்களோ? இவ்வாறெல்லாம் மனம் அலைமோதத் தொடங்குகிறது.

இந்தத் தயக்கத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடுதல் தகாது. வீட்டுக்கு வரும் விருந்தினருக்கு உணவு சமைக்கும் இல்லாள், தனக்கு எது பிடிக்கும் என்பதை மட்டும் எண்ணி அடுப்பு மூட்டுவதில்லை. வருபவர் உறைப்புத் தின்பவரா, பத்தியம் காப்பவரா, குழந்தைகளும் உடன் வருகின்றனரா என்றெல்லாம் எண்ணுகிறாள். எனினும், அவள் படைக்கும் இலையில் அவள் கைப்பக்குவம் இல்லாமற் போவதில்லை. நண்பருக்குப் படம் தெரிவதும் இத்தகைய செயலே. பார்ப்பவரையும் எண்ண வேண்டும். நம்மையும் மறைத்துவிடக் கூடாது.

முன்னாளில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. ஊரில் ஓடும் படம் எதுவோ அதை எல்லாரும் படமாளிகைக்குச் சென்று பார்த்தார்கள். விரும்பினாலும் வெறுத்தாலும் எல்லாரும் பேசுவதற்கு ஒரே கதை இருந்தது. இன்றோ ஒரே வீட்டில் நால்வர் இருந்தால், நால்வரும் நான்கு கைபேசிகளில் நான்கு படங்களைப் பார்க்கின்றனர். ஆயிரக்கணக்கான படங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன; ஆனால், பார்த்து முடித்தபின் திரும்பி நோக்கி ஒரு வார்த்தை பேசுவதற்குப் பக்கத்தில் ஆளில்லை. ஆகவேதான், மாணவர் விடுதிகளிலும், கடல் கடந்து சிதறி வாழும் குடும்பங்களிலும், "ஆளுக்கொரு படம் தெரிவோம், எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்" என்னும் வழக்கம் அரும்பும்போது, அதை வரவேற்கத் தோன்றுகிறது. அவ்வாறு தெரியும் முறை பற்றி நேயர்களுடன் சிறிது பேசலாமென எண்ணுகிறேன்.

முதலிடம் நிலையானதா?

"உலகத்திலேயே சிறந்த படம் எதுவென்று அறிஞர்கள் சொல்லியிருப்பார்களே, அதையே காட்டிவிட்டால் வம்பில்லை அல்லவா?" என்று சிலர் கருதலாம். அறிஞர்கள் சொல்லித்தான் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் வெளியாகும் "சைட் அண்ட் சவுண்ட்" என்னும் சஞ்சிகை, 1952ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பல நாட்டு விமர்சகர்களிடமும் இக்கேள்வியைக் கேட்டு, அவர்கள் தந்த விடைகளைத் தொகுத்து வெளியிட்டு வருகிறது.

1952இல் முதலிடம் பெற்றது, இத்தாலிய நெறியாளர் விற்றோரியோ டி சிக்காவின் "துவிச்சக்கர வண்டித் திருடர்". அப்போது அது வெளிவந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. பத்தாண்டுகள் கழித்து, 1962இல், அவ்விடத்தை ஓர்சன் வெல்ஸ் என்னும் அமெரிக்கர் 1941இல் ஆக்கிய "சிற்றிசன் கேன்" பிடித்துக்கொண்டது. 1972, 1982, 1992, 2002 ஆகிய ஆண்டுகளிலும் அதற்கே முடி சூட்டினர். இனி அதை அசைப்பார் யாருமிலர் என்று பலரும் எண்ணியிருந்த வேளையில், 2012இல் ஹிச்கொக்கின் "வேர்ட்டிகோ" அதைக் கீழிறக்கிற்று. 2022இல் அதுவும் இறங்கிப் போக, பெல்ஜிய நாட்டுப் பெண்மணி ஷந்தால் ஆக்கர்மான் 1975இல் ஆக்கிய "ஜான் டீல்மன்" முதலிடத்துக்கு வந்தது. ஒரு பெண்ணின் நெறியாள்கையில் உருவான படம் அப்பட்டியலின் தலையில் அமர்ந்தது அதுவே முதல் தடவை. ஓர் இல்லத்தரசி உருளைக்கிழங்கு சீவுவதையும் படுக்கை விரிப்பதையும் மூன்று மணித்தியாலத்துக்கும் மேலாகப் பொறுமையுடன் காட்டும் படம் அது!

இதிலிருந்து நாம் அறிவது என்ன? படச் சுருள்கள் மாறவில்லை. பார்க்கும் கண்களே மாறின. ஒரு தலைமுறை போர் முடிந்த வறுமையில் நின்று பார்த்தது. இன்னொரு தலைமுறை கலை நுட்பத்தைத் தேடிப் பார்த்தது. மற்றொரு தலைமுறை, இதுகாறும் யார் குரல் கேட்கப்படவில்லை என்று வினவிப் பார்த்தது. உலகத்து விமர்சகர்கள் கூடியே எழுபது ஆண்டுகளில் நான்கு முறை முதலிடத்துக்கு வேறு வேறு படங்களை வைத்தார்கள் என்றால், நாம் ஒருவர் தனியே இருந்து "எக்காலத்துக்கும் சிறந்த படம்" ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டுமென்று தவிப்பதில் பொருளில்லை. அத்தகைய பட்டியல்கள் வழிகாட்டிக் கம்பங்கள். அவை ஊரைக் காட்டும். நமக்காக நடக்க மாட்டா.

மூன்று உரைகற்கள்

பொன்னை உரைத்துப் பார்ப்பது போன்று, நாம் தெரியும் படத்தையும் உரைத்துப் பார்க்க மூன்று கற்கள் போதும் என்பது எனது எண்ணம்.

முதலாவது, அந்தப் படம் இரண்டாம் முறை பார்ப்பதைத் தாங்குமா? முடிவு என்ன ஆகும் என்னும் ஆவல் ஒன்றினாலேயே ஓடும் படம், முடிவு தெரிந்ததும் பிழிந்த கரும்பாகிவிடும். நண்பர்களோடு பார்க்கும்போது நாம் ஏற்கெனவே பார்த்தவராக இருப்போம். நமக்கே சலித்துவிட்டால் அவர்களுக்கு எவ்வாறு சுவைக்கும்? மர்மக் கதையாயினும் இச்சோதனையில் தேறுவதுண்டு. 1954இல் எஸ். பாலச்சந்தரின் நெறியாள்கையில் ஏ.வி.எம். நிறுவனம் வெளியிட்ட "அந்த நாள்" இதற்குச் சான்று. பாட்டில்லாமல் தமிழ்ப் படமா என்று வியந்த காலத்தில் ஒரு பாட்டுமின்றி வந்த படம் அது. கொலை செய்தவர் யார் என்று அறிந்த பின்னரும், ஒவ்வொரு சாட்சியும் நடந்ததைச் சொல்லும்போது தன்னையே எவ்வாறு காட்டிக்கொடுத்து விடுகிறார் என்பதைக் காண மீண்டும் பார்க்கலாம்.

இரண்டாவது, நமது விளக்கவுரையின்றி அந்தப் படம் தன் காலில் நிற்குமா? "இந்த இடத்தைக் கவனியுங்கள்", "இதற்குப் பொருள் பின்னால் விளங்கும்" என்று நாம் பக்கத்தில் இருந்து பதவுரை சொல்ல வேண்டிய படம், நண்பர் கூட்டத்துக்கு ஏற்றதன்று. வகுப்பறைக்கு அது ஏற்றதாக இருக்கலாம்.

மூன்றாவது, பார்த்து முடித்தபின் நண்பர் பேசுவதற்கு அந்தப் படம் இடம் விடுகிறதா? சில படங்கள் எல்லாவற்றையும் தாமே சொல்லிவிடுகின்றன. யார் நல்லவர், யார் கெட்டவர், எங்கே அழ வேண்டும், எங்கே கைதட்ட வேண்டும் என்பதையெல்லாம் இசையும் வசனமும் சேர்ந்து கட்டளையிட்டு விடுகின்றன. நமக்கு மிச்சமாக விடப்படுவது எழுந்து போவது ஒன்றுதான். வேறு சில படங்களோ, ஒரு நாற்காலியை வெறுமையாக விட்டு வைக்கின்றன. பார்ப்பவர் வந்து அமர்ந்தாலன்றி அவை நிறைவு பெறுவதில்லை.

வண்டியைத் தேடிய தந்தை

மேற்சொன்ன மூன்று கல்லிலும் உரைத்துப் பார்த்தபோது என் கையில் இரண்டு படங்கள் மிஞ்சின. ஒன்று, முன்னர்க் குறிப்பிட்ட "துவிச்சக்கர வண்டித் திருடர்".

போருக்குப் பிந்திய உரோமாபுரி. வேலையற்றோர் கூட்டத்தில் நின்ற அந்தோனியோ என்பவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால், அதற்குத் துவிச்சக்கர வண்டி வேண்டும். அவனுடையதோ அடகுக் கடையில் இருக்கிறது. மனைவி படுக்கை விரிப்புக்களை அடகு வைத்து வண்டியை மீட்டுக் கொடுக்கிறாள். வேலையில் இறங்கிய முதல் நாளே வண்டி களவு போகிறது. பின்னர், சிறுவனான மகன் புறூனோவுடன் நகரம் முழுவதும் அவன் வண்டியைத் தேடி அலைவதே கதை. அந்தோனியோவாக நடித்த லம்பேர்ட்டோ மஜொறானி உண்மையில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. முன்னர் நடித்துப் பழகியவர் அல்லர். இறுதியில், தேடிக் களைத்த அந்தத் தகப்பன் தானே ஒரு வண்டியைத் திருட முயன்று, மகன் கண்முன்னே பிடிபடுகிறான். அழுது நிற்கும் பிள்ளையைக் கண்ட வண்டிக்காரன் மனமிரங்கி அவனை விட்டுவிடுகிறான். தலை குனிந்து நடக்கும் தந்தையின் கையை மகன் பற்றிக்கொள்கிறான். படம் அவ்வளவே.

"அவன் திருடியது சரியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், நண்பர்கள் விடியும்வரை பேசுவார்கள். ஆயினும், இப்படத்தை நான் இரண்டாவதாகவே வைக்கிறேன். இதைப் பார்த்துத் தானும் படம் எடுத்தே தீருவது என்று உறுதி பூண்ட ஒரு வங்காள இளைஞரின் படமே என் முதல் தெரிவு.

பதேர் பாஞ்சாலி

சத்யஜித் ராய், கல்கத்தாவில் ஆங்கிலேயரின் விளம்பர நிறுவனமொன்றில் சித்திரக்காரராக இருந்தவர். விபூதிபூஷண் பந்தோபாத்தியாயா எழுதி 1929இல் நூலாக வெளிவந்த "பதேர் பாஞ்சாலி" நாவலின் சுருக்கப் பதிப்புக்குப் படங்கள் வரையும் வேலை அவருக்கு வந்தது. அப்போதே அக்கதை அவர் மனத்தில் வேரூன்றிவிட்டது. 1950இல் அலுவலின் பொருட்டு லண்டனுக்குச் சென்றிருந்த சமயம் டி சிக்காவின் படத்தைப் பார்த்தார். பெரிய நடிகர்கள் இல்லாமல், உண்மையான தெருக்களில், சிறிய பொருட் செலவில் ஒரு படத்தை எடுத்துவிடலாம் என்னும் துணிவு அங்கே அவருக்குப் பிறந்தது.

1952 ஒக்டோபரில் படப்பிடிப்புத் தொடங்கியது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா இருபதின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். சினிமாக் கமராவை அதற்கு முன் இயக்கி அறியாதவர். முதலிலே படமாக்கியது, அக்கா துர்க்காவும் தம்பி அப்புவும் வெண்ணிறக் காசப்பூப் பூத்த வெளியைக் கடந்து புகைவண்டியைக் காணச் செல்லும் காட்சி. ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பிச் சென்றபோது, பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்து தீர்த்திருந்தன. மீண்டும் பூக்கும் காலம்வரை அந்தக் காட்சி காத்திருந்தது.

மாட்டினும் கொடியது பணமுடை. ராய் தமது காப்புறுதிப் பத்திரத்தைக் கொடுத்துப் பணம் பெற்றார். சேர்த்து வைத்த இசைத் தட்டுக்களை விற்றார். மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. மாதக்கணக்கில் படப்பிடிப்பு நின்றது. முடிவில் மேற்கு வங்க அரசாங்கம் கைகொடுத்தது. படத்தின் பெயருக்கு "சிறு பாதையின் பாட்டு" என்று பொருள் கொள்ளலாம்; அதனால் அந்தப் பணம் வீதி அபிவிருத்திக் கணக்கில் எழுதப்பட்டது என்று இன்றும் சுவையாகச் சொல்வார்கள். இத்தனை காலத் தாமதத்தில், அப்புவாக நடித்த சிறுவனின் குரல் உடையாததும், துர்க்காவாக நடித்த சிறுமி வளர்ந்துவிடாததும், கிழவியாக நடித்த சுனிபாலா தேவி இறந்துபோகாததும் மூன்று அற்புதங்கள் என்று ராய் பின்னாளில் கூறியதுண்டு. சுனிபாலா அப்போது எண்பது வயதை அண்மிய பழைய நாடக நடிகை. 1955 ஓகஸ்டில் படம் கல்கத்தாவில் திரைக்கு வருமுன்னரே அவர் காலமானார்.

அடுத்த ஆண்டு, 1956இல், கான் நகரப் படவிழாவில் மனித வாழ்வின் சிறந்த ஆவணம் என அதற்குப் பரிசளித்தார்கள். மேலும் ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1965இல் டில்லியில் நடந்த அனைத்துலகப் படவிழாவின் நடுவர் குழுவுக்கு ராய் தலைமை தாங்கினார். அங்கே தங்க மயில் விருதைப் பெற்றது, நம் இலங்கையின் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி எடுத்த "கம்பெரலிய". கிராமத்து வாழ்வை அதன் இயல்பிலேயே காட்டலாம் என்ற வழியில் நமது நாடும் வங்காளமும் ஒரே காலத்தில் நடந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கதையில் என்ன இருக்கிறது?

ஏழைப் புரோகிதன் ஹரிஹரன், அவன் மனைவி சர்வஜயா, மக்கள் துர்க்காவும் அப்புவும், அவர்களை அண்டி வாழும் இந்திர் என்னும் கிழவி, இவ்வளவுதான் பாத்திரங்கள். கொடியவன் என்று சுட்டிக் காட்ட ஒருவருமில்லை. தாய் சர்வஜயா அந்தக் கிழவியிடம் கடுமையாக நடந்துகொள்கிறாள். வீட்டை விட்டுப் போகவும் சொல்லிவிடுகிறாள். அவளை வெறுத்துவிட நமக்கு மனம் வருவதில்லை. ஏனெனில், பானையில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்பதை அறிந்தவள் அவள் ஒருத்தியே. வறுமை மனிதரைக் கொல்வதற்கு முன் அவர்தம் பேச்சிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது என்பதை, ஒரு சொற்பொழிவும் இல்லாமல் அந்த முகத்திலே காட்டியிருக்கிறார் ராய்.

அக்காவும் தம்பியும் புகைவண்டியைக் கண்டு மகிழ்ந்து திரும்பும் வழியில், மூங்கிற் காட்டில் அமர்ந்திருக்கும் கிழவியைக் காண்கின்றனர். துர்க்கா விளையாட்டாகத் தொட்டு அசைக்கிறாள். கிழவி சாய்ந்து விழுகிறாள். பிள்ளைகள் தம் வாழ்வில் முதன்முதலாகப் புகைவண்டியைக் கண்ட அதே நாளில் மரணத்தையும் கண்டுவிடுகின்றனர்.

பின்னர் மழை வருகிறது. நனைந்து ஆடிய துர்க்கா காய்ச்சலில் விழுந்து, புயலடித்த ஓர் இரவில் இறந்துபோகிறாள். தூரதேசம் போயிருந்த தந்தை இதை அறியாமல் திரும்பி வந்து, வாங்கி வந்தவற்றையெல்லாம் எடுத்து வைக்கிறான். மகளுக்கென்று வாங்கிய சேலையையும் மனைவியிடம் நீட்டுகிறான். அதுவரை கல்லாயிருந்த சர்வஜயா அதை வாங்கி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு கதறுகிறாள். அந்தக் கதறலின் ஒலியை நாம் கேட்பதில்லை. அதன் இடத்தில் ரவிசங்கரின் இசையமைப்பில் தார் ஷெனாய் என்னும் வாத்தியம் உச்சத்தில் வீரிடுகிறது. ஒரு தாயின் அழுகையை அப்படியே கேட்டிருந்தால் நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்திருப்போம். கேளாமையினாலே அது நமக்குள்ளே ஒலித்துக்கொண்டேயிருக்கிறது.

இவற்றையெல்லாம் விஞ்சியதாக நான் கருதும் காட்சி சிறியது. அயல்வீட்டுப் பெண்ணின் மணிமாலையைத் திருடினாள் என்று துர்க்காவின்மீது ஒரு சமயம் பழி வந்தது. அவள் மறுத்தாள், தாயிடம் அடியும் பட்டாள். அவள் இறந்தபின், ஊரைவிட்டுப் புறப்படுவதற்காகச் சாமான்களைக் கட்டும்போது, உயரத்தில் இருந்த சிரட்டையொன்றினுள் அந்த மாலையை அப்பு காண்கிறான். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஓடிச் சென்று குளத்தில் எறிந்துவிடுகிறான். பாசி விலகி நீர் ஒரு கணம் தெரிகிறது. பின்னர் மெல்ல மூடிக்கொள்கிறது. அக்காவின் மானத்தைக் காக்க அந்தச் சிறுவன் செய்த முதற் பெரிய காரியம் அது. அந்த நிமிடத்தில் அவன் சிறுவன் என்னும் நிலையைக் கடந்துவிடுகிறான். வசனம் ஒன்றுகூட இல்லை.

இறுதியில் மாட்டுவண்டியில் மூவரும் காசியை நோக்கிப் புறப்படுகின்றனர். அவர்கள் விட்டுப்போன வீட்டினுள் ஒரு பாம்பு ஊர்ந்து நுழைகிறது.

ஏன் இந்தப் படம்?

இந்த இடத்தில் நம்மவர்க்கு விளக்கம் வேண்டியதில்லை. எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு, எடுக்க முடியாததைத் திரும்பித் திரும்பிப் பார்த்தவாறு வாசற் கதவைச் சாத்திவிட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உள. கட்டிய வீட்டில் பற்றை வளர்ந்ததையும் பாம்பு குடியேறியதையும் பின்னாளிற் சென்று கண்டவர்களும் உளர். இவற்றைப் பற்றிப் பல வீடுகளில் பெரியவர்கள் பேசுவதில்லை; பேசினால் தாங்க முடியாது என்பது அவர்கள் அச்சம். பிள்ளைகளும் கேட்பதில்லை, கேட்டால் புண்படும் என்பது இவர்கள் அச்சம். இருவருக்குமிடையே ஒரு மௌனம் வருடக்கணக்காகக் குந்தியிருக்கிறது.

நண்பர்களுக்கிடையிலும் இவ்வாறே. ஒரே அறையில் மூன்று ஆண்டுகள் படுத்தெழுந்த தோழன், தான் இழந்த தம்பியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதிருக்கக்கூடும். "உனக்கு என்ன துயரம்?" என்று முகத்துக்கு நேரே கேட்பது நம் பண்பாட்டில் எளிதன்று. ஆனால், வங்காளத்துக் கிராமமொன்றில் யாரோ ஒரு சிறுவன் குளக்கரையில் நிற்பதைப் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து பார்த்த பின்னர், "எங்கள் வீட்டிலும் ஒரு சம்பவம்..." என்று அவனாகவே தொடங்கலாம். தொடங்காமலும் இருக்கலாம். நமக்கு அது தெரியும் என்பதையாவது அவன் அறிந்துகொள்வான்.

படத்தைப் பகிர்தல் என்பதன் உட்பொருள் இதுவே என்று நினைக்கிறேன். வாயாற் சொல்லக் கூசுவதை மூன்றாம் மனிதன் ஒருவன் வாயிலாகச் சொல்லிவிடுகிறோம். ஆகவே, படம் தெரியும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கடைசிக் கேள்வி: "என்னைப் பற்றி என் நண்பர்கள் எதை அறிய வேண்டுமென்று விரும்புகிறேன்?" இதற்கு விடை கிடைத்துவிட்டால் படத்தின் பெயர் தானாகவே வந்துவிடும். சிலருக்கு அது ஒரு நகைச்சுவைப் படமாக இருக்கும். அதில் இழிவு ஒன்றுமில்லை. வீட்டில் எல்லாரும் ஒன்றாயிருந்து சிரித்த ஒரே மாலைப்பொழுதை நினைவூட்டும் படம், எத்தனை விருதுகள் பெற்ற படத்துக்கும் தாழ்ந்ததன்று.

மறுப்புக்கு விடை

"இது மிக மெதுவாகச் செல்லும் படம், இன்றைய இளைஞர் பொறுப்பார்களா?" என்று கேட்பார் உண்டு. படம் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றே கூடியது. நமது பல படங்களிலும் குறுகியது. முதல் அரை மணித்தியாலம் பொறுத்தால் போதும். மிட்டாய்க்காரன் காவடி சுமந்து போக, அவன் பின்னால் துர்க்காவும் அப்புவும், அவர்கள் பின்னால் நாயும் செல்லும் ஊர்வலம் குளத்து நீரில் தலைகீழாகத் தெரியும் காட்சி வந்ததும், பார்ப்பவர் புன்னகை செய்வர். பின்னர் அவர்களைப் படமே அழைத்துச் சென்றுவிடும்.

"நம் தமிழில் இல்லாததா?" என்று கேட்பாரும் உண்டு. நியாயமான கேள்வி. நம் நாட்டிலேயே 1977இல் தர்மசேன பத்திராஜ என்னும் சிங்கள நெறியாளர் யாழ்ப்பாணத்து வாழ்க்கையை வைத்துத் தமிழில் எடுத்த "பொன்மணி"யும், செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 1978இல் உருவான "வாடைக்காற்று"ம் உள்ளன. அவற்றையும் தேடிப் பார்த்து, கூட்டத்தில் வேறொருவர் தம் முறை வரும்போது காட்டட்டும். ஆளுக்கொரு படம் என்னும் ஏற்பாட்டின் அழகே அதுதான். ஒருவரே முழு விருந்தையும் சமைக்க வேண்டியதில்லை.

பழைய படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. படங்கள் நாம் நினைப்பதுபோல் நிரந்தரமானவை அல்ல. 1993இல் லண்டனில் ஓர் ஆய்வுகூடத்தில் பற்றிய தீயில் "பதேர் பாஞ்சாலி"யின் மூலச் சுருள்களும் கருகின. கருகி உருகியவற்றையும் எறிந்துவிடாமல் அமெரிக்காவில் பாதுகாத்து வைத்தனர். இத்தாலியின் பொலோஞா நகரத்துத் தொழில் வல்லுநர்கள் அவற்றைக் கையால் ஒவ்வொரு அங்குலமாகச் செப்பனிட்டு, கிடைத்த இடத்து நல்ல பிரதிகளையும் சேர்த்து, 2015இல் படத்துக்குப் புத்துயிர் அளித்தனர். இன்று நாம் தெளிவாகக் காணும் அந்தக் காசப்பூ வெளி, ஒருமுறை மாட்டுக்கும் ஒருமுறை நெருப்புக்கும் தப்பி வந்தது.

காட்டும் முறை

இனி, படத்தைத் தெரிந்தவர் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றிச் சில வார்த்தைகள்.

முன்னுரை சுருக்கமாக இருக்கட்டும். "உலகப் புகழ் பெற்றது, விருது பல வென்றது" என்று அடுக்கினால், பிடிக்காவிட்டாலும் பிடித்ததாகச் சொல்ல வேண்டிய கடமை நண்பருக்கு வந்துவிடும். "எனக்கு இது பிடித்தது, உங்களோடு பார்க்க விரும்புகிறேன்" என்றால் போதும்.

படம் ஓடும்போது நண்பர் முகத்தைப் பாராதீர்கள். நமக்குப் பிடித்த இடம் வரும்போது, அவர் கண் கலங்குகிறாரா என்று ஓரக்கண்ணால் நோக்குவது பரீட்சை மண்டபத்துக் காவலரின் வேலை. கைபேசிகளை ஒரு மேசையில் ஒதுக்கி வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, நீங்களும் படத்தையே பாருங்கள்.

படம் முடிந்ததும் உடனே விளக்கைப் போட்டு "எப்படி?" என்று கேட்கவேண்டாம். தேநீர் வைக்க எழுந்து போங்கள். அந்தச் சிறு இடைவெளி யாவர்க்கும் தேவை. வெளிநாட்டிலுள்ள நண்பரோடு ஒரே நேரத்தில் தொலைவிலிருந்து பார்ப்பதானாலும் இவ்விதி பொருந்தும்.

நண்பர் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டாலோ? இதுவே உண்மையான சோதனை. நமக்கு மிகவும் பிடித்த ஒன்றை மற்றவர் தள்ளும்போது நம்மையே தள்ளியதுபோல் மனம் சுருங்கும். வாதாடத் தோன்றும். வாதாடிப் பிடிக்கச் செய்த படம் இதுவரை உலகில் இல்லை. "எந்த இடத்தில் பிடிக்காமற் போயிற்று?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடை, படத்தைப் பற்றியதாக இருப்பதிலும் அவரைப் பற்றியதாகவே பெரும்பாலும் இருக்கும். அவரை அறிந்துகொள்ளத்தானே அழைத்தோம்? பின்னர் அவர் முறை வரும்போது, அவர் தெரிந்த படத்தின்முன் அதே பொறுமையோடு நாம் அமர்ந்திருக்க வேண்டும். பிறர் விருப்பத்தின்முன் இரண்டு மணித்தியாலம் அடக்கமாக இருக்கப் பழகியவர், பிறர் துயரத்தின்முன்னும் அவ்வாறு இருக்கக் கற்றுக்கொள்வார்.

மாணவ நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் உங்கள் நண்பர்களை மட்டுமன்றி, வீட்டிலுள்ள அம்மம்மாவையோ அப்பப்பாவையோ ஒரு படம் தெரியச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் இளவயதிற் பார்த்த படம் எதுவென்று சொல்வார்கள். அதைத் தேடி எடுத்து, அவர்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். படம் உங்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, யாரோடு பார்த்தார்கள், எந்தப் படமாளிகை, எவ்வளவு தூரம் நடந்து போனார்கள், திரும்பி வந்த வீடு எப்படி இருந்தது என்றெல்லாம் அவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். அந்தக் கதை வேறெந்தச் சுருளிலும் பதிவாகி இருப்பதில்லை. கருகிவிட்டால் செப்பனிட்டுத் தர எந்த நகரத்திலும் வல்லுநர் இல்லை.